கேட்டுக்காரனின் பூட்ஸ்

என் மச்சான் பூட்ஸ் போடுவதை நான் தினமும் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. முதலில் இடது பூட்ஸை எடுப்பான். கவிழ்ப்பான். குதிகாலில் தட்டுவான். பிறகு கையை உள்ளே விட்டு விரல் போகிற மட்டும் துழாவுவான். ஒன்றும் இருக்காது. இருக்காது என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் துழாவாமல் காலை விடமாட்டான்.

"தேள் கீள் இருக்கும்னு பயப்படுறாரோ?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் மதில் மேலே தலையை நீட்டிக் கேட்டார்.

"தேளா இருந்தா அடிச்சுப் போட்டுட்டு வேலையைப் பார்த்திருக்க மாட்டோமா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்க மனசில்லை. என் வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எல்லோரிடமும் அதைத் திறப்பதில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஊருக்கெல்லாம் நெட்டையன். எங்கள் வீட்டு நிலையில் இடித்துக்கொண்ட தழும்பு நெற்றியில் நிரந்தரமாக உண்டு. மாமியார் கண்ணை மூடிய பிறகு எங்களோடுதான் வளர்ந்தான். படிப்பு சுமார், உடம்பு பிரமாதம், குணம் அதைவிட. பட்டாளத்தில் சேர்ந்தான். என் மனைவி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கடைசியில் அவனைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? எங்கள் ஊர் எல்லையிலேயே இருக்கும் முகாமின் கேட்டில்.

அந்த முகாமுக்குள்ளே இருப்பது சிறப்புப் படை. அவர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தார்ப்பாய் மூடிய வண்டியில் ஏறிப் போவார்கள். சில நாள் கழித்து முகமெல்லாம் கறுத்து, தாடி மண்டித் திரும்பி வருவார்கள். நெட்டையனுடைய வேலை, அந்த வண்டி போகும்போது குறுக்குக் கம்பைத் தூக்குவது, போன பிறகு இறக்குவது. வெயிலானாலும் மழையானாலும் தூக்குவது, இறக்குவது.

"மாமா, ஏழு வருஷமா அடுத்தவனுக்குக் கேட்டைத் தொறந்து விட்டுட்டு இருக்கேன். ஒரே ஒரு தடவை அந்த வண்டிக்குள்ள உக்காந்து வெளிய போகணும். எவனாவது எனக்குத் தொறக்கணும்" என்பான்.

"தூக்குனா சம்பளம் வருதுல்ல மாப்ள? தூக்கிட்டு இரு" என்று நான் கிண்டல் செய்வேன். அவனும் சிரிப்பான். ஆனால் அந்த ஆசை அவன் தொண்டையில் முள் மாதிரி நின்றது எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சை எடுத்தால்கூட, "உள்ள போயிட்டு வந்து பண்ணிக்கிறேன்கா" என்று அக்காவின் வாயை அடைப்பான்.

சிறப்புப் படைக்குப் போக வேண்டுமானால் ஒரு தேர்வுப் பயிற்சி உண்டு. அதை இரண்டு தடவைதான் முயலலாம், வயது வரம்பும் உண்டு. முதல் தடவை கணுக்கால் பிசகி முதல் வாரத்திலேயே திரும்பி வந்தான். இரண்டாவதுதான் கடைசி. அதற்காக அவன் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தவன். நான் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். ஆளுயரக் கிணற்று மோட்டாரை இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துவோம். இவன் டியூட்டி முடிந்து வந்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கும் குளத்துக்குமாக நடப்பான். தெருவில் போகிறவர்கள், "என்ன, மச்சானை வெச்சு வண்டி வாடகையை மிச்சம் பண்றீங்களா?" என்று என்னைக் கேட்பார்கள். தோள் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொள்ளும். என் மனைவி மஞ்சள் வைத்துக்கொண்டே திட்டுவாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

போனான். பயிற்சி நடந்தது மலையும் ஆறுமாக இருக்கிற வேறோர் இடத்தில். அங்கே நடந்ததை அவன் ஒரே மூச்சில் சொன்னதில்லை. பட்டறையில் நான் கம்பி சுற்றும்போது, எதிரில் உட்கார்ந்து முனையைப் பிடித்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னது இது.

போன அன்றைக்கே மொட்டை அடித்துப் பெயர் வில்லைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேல் ஆட்கள். பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் கத்தவே மாட்டாராம். கத்துகிற ஆளாக இருந்தால் வீம்புக்காவது நின்றிருப்பார்கள். இவர் தேன் ஒழுகப் பேசுவார். மூட்டையோடு மலையேறும்போது பின்னாலேயே ஒரு வேன் ஊர்ந்து வரும். கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். உள்ளே போர்வை, சூடான டீ, மெத்தை வைத்த சீட். வாத்தியார் பக்கத்திலேயே நடந்து வந்து, "காலு வலிக்குதாப்பா? பாவம். ஏறிக்கயேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பார். ஏறினால் வேன் நேரே பஸ் நிலையத்துக்குப் போகும். அவ்வளவுதான் கதை.

"அந்த டீ வாசம் இருக்கே மாமா, அதுதான் சித்திரவதை" என்றான். தூக்கமில்லாமல், ஈர உடுப்போடு, பாதம் கொப்புளித்து நடக்கிறவனுக்கு அந்த வாசம் எப்படி இருந்திருக்கும்! மலைமலையாக இருந்த ஆட்களெல்லாம் அழுதுகொண்டே ஏறினார்களாம். இவன் வேனைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, முன்னால் போகிறவனின் குதிகாலையே பார்த்து நடந்தான்.

அந்தக் குதிகால் வாத்துடையது. வாத்து என்பது அவர்கள் வைத்த பட்டப்பெயர். இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பானாம். சின்ன உடம்பு, வேடிக்கையான ஆள், அசந்து போனவர்களையெல்லாம் சிரிக்க வைத்தே இழுத்துக்கொண்டு போகிறவன். கூட்டத்துக்கே செல்லப்பிள்ளை. ஒரே ஒரு குறை, தண்ணீரில் இறங்கினால் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். தண்ணீரைக் கண்டு நடுங்குகிற ஒரே வாத்து என்று அவனே தன்னைக் கேலி செய்துகொள்வான். எல்லோரும் அதை வெறும் வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்தார்கள்.

ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் அது வேடிக்கை இல்லை என்று நெட்டையனுக்குத் தெரிந்தது. நடு ஆற்றில் வாத்து கல்லாட்டம் உள்ளே போனான். பக்கத்தில் வந்தவன் இவன்தான். முடியில்லாத தலையைப் பிடிக்க முடியாமல், காதைப் பிடித்து, கழுத்தைப் பிடித்து, கரைக்கு இழுத்து வந்து போட்டான். இருட்டில் வாத்தியார் கண்ணில் படவில்லை. வாத்து வாந்தி எடுத்துவிட்டு இவன் காலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க வீட்டுல எல்லாரும் நான் ஜெயிச்சுட்டு வருவேன்னு இருக்காங்க." இவனும் சொல்லமாட்டேன் என்றான். அடுத்த வாரம் மறுபடியும் அதே ஆறு, அதே கதை. அந்தத் தடவை வாத்துக்கு மூச்சே இல்லை. இவன் நெஞ்சில் அமுக்கி அமுக்கி எழுப்பினான். அதுவும் இருட்டில்தான். அப்போதும் சொல்லவில்லை. சொன்ன சொல் மாறாத ஜாதி, அக்காளைப் போலவே.

வாத்துக்கு மட்டுமா செய்தான்? சுவரேறும்போது எல்லோரும் மிதித்து ஏறியது இவன் தோளைத்தான். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தான். கடைசியில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். பயிற்சி முடிந்தது. இனி கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் என்று இவன் உச்சி குளிர்ந்து கிடந்தான்.

அன்று சாயங்காலம் வாத்தியார் ஒன்பது பேரையும் உட்கார வைத்து ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்தார். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரியது. அது அந்த இடத்து வழக்கம்.

"இத்தனை நாளா உங்களை நான் பார்த்தேன். இனிமே நீங்க பாருங்க" என்றாராம். "உசுரு போற இடத்துல எவன் உன் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறியோ, அவன் இடது பூட்ஸ்ல இதைப் போடு. தனித்தனியாப் போகணும். சொந்த பூட்ஸ்ல போடக் கூடாது. போடாமலும் வரக் கூடாது. யாருக்கு அதிகம் விழுதோ அவன் வீட்டுக்கு. இது என் தீர்ப்பு இல்ல, உங்க தீர்ப்பு."

கொட்டகை வாசலில் ஒன்பது ஜோடி பூட்ஸ் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவனாகப் போய் வந்தார்கள். இவன் முறை வந்தபோது கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றானாம். பிறகு போட்டுவிட்டு வந்து படுத்தான். யாருக்குப் போட்டான் என்று அப்போது எங்களிடம் சொல்லவில்லை.

விடிந்ததும் விசில். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் காலை விட வேண்டும். எட்டுப் பேர் விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். நெட்டையனுக்குக் கால் உள்ளே போகவில்லை.

கவிழ்த்தான். கல் கல்லாகக் கொட்டியது. எட்டு.

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லையாம். குனிந்து கற்களைப் பார்த்தார், எட்டுப் பேரையும் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விதி விதிதான்பா" என்று மட்டும் சொல்லி, இவன் மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தார். கதவு திறந்திருந்தது. டீ சூடாக இருந்தது. இவன் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து என் மனைவி கதறிவிட்டாள். எலும்பும் தோலுமாக நின்றான். கேட்டுக்குத் திரும்ப வேண்டிய நாள் வரை விடுப்பு. மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். தோற்றுப் போயிருந்தால் பரவாயில்லை, கால் ஒடிந்து வந்திருந்தாலும் பரவாயில்லை. எட்டுப் பேருமாகச் சேர்ந்து நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை எந்த மருந்து ஆற்றும்?

"நான் என்ன தப்பு செஞ்சேன் மாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "குறட்டை விட்டேனா? எவன் பங்கையாவது தின்னுட்டேனா? கை ரொம்ப நீட்டி உதவி செஞ்சது அவனுங்களுக்குக் கேவலமாப் போச்சா? யோசிச்சுச் சொல்லுங்க."

நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தெரிந்தவன். அன்றைக்கு வாயில் வந்தது சாபம்தான். "அவனுங்க நாசமாப் போவானுங்க" என்றேன். "அப்படிச் சொல்லாதீங்க" என்று என் வாயைப் பொத்தினான்.

பிறகுதான் போன் வர ஆரம்பித்தது. முதலில் ஒருவன் அழுதுகொண்டே பேசினான். "அண்ணே, உங்களுக்கு எவன் போடப்போறான்னு நினைச்சேன். எவனுக்குப் போட்டாலும் அவன் வாழ்க்கை போயிடும். உங்களுக்குப் போட்டா அது வீணாப் போற கல்லு, யாருக்கும் சேதம் இல்லன்னு போட்டேண்ணே." மறுநாள் இன்னொருவன். அவனும் அதையேதான் சொன்னான். அதற்கடுத்து வேறொருவன், ஒரு எழுத்து மாறாமல் அதே பேச்சு. வேண்டாதவனுக்கு மற்றவர்கள் போட்டுக்கொள்வார்கள், நாம் எதற்கு அந்தப் பாவத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருவனும் நினைத்திருக்கிறான். யார் மேல் பட்டால் வலிக்காதோ அவன் மேல் எறிந்திருக்கிறார்கள். எட்டுப் பேருமே நல்லவர்கள். அந்த நல்லதனத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட!

அவர்களுக்கெல்லாம் சொன்னதில் பாரம் இறங்கிவிட்டது. இவனுக்கு ஏறியது. "வெறுத்துப் போட்டிருந்தாக்கூட மனசை ஆத்திக்கலாம் மாமா. எல்லாருக்கும் புடிச்சுப்போய் வீட்டுக்கு அனுப்பிட்டானுங்களே" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

கடைசியாக வாத்து வந்தான், நேரிலேயே. கையில் பழப்பை, தலையில் சிறப்புப் படையின் புதுத் தொப்பி. உள்ளே வந்ததும் நெட்டையன் காலில் விழுந்தான்.

"நானும் உங்களுக்குத்தான்ணே போட்டேன். உசுரைக் காப்பாத்துன உங்களுக்கே போட்டேன். மத்த எவனும் போடமாட்டான்ங்கிற தைரியத்துல போட்டேன். என்னை அடிங்கண்ணே."

நெட்டையன் அவனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். என் மனைவி, மனசில்லாவிட்டாலும், டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். வாத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் தெளிந்ததும் பழைய துடுக்கு எட்டிப் பார்த்தது.

"ஆனா ஒண்ணுண்ணே. என் பூட்ஸ்லயும் ஒரு கல்லு கெடந்துச்சு. விரலுக்கடியில மாட்டிக்கிச்சு, வாயத் தொறக்காம அதோடயே எழுந்து நின்னேன். எவன்னு தெரியல. உங்க கல்லை எண்ணிப் பார்க்கவும் அப்ப மனசு வரல. எல்லாரையும் கேட்டுட்டேன், எல்லாரும் உங்களுக்குத்தான் போட்டேன்னு சத்தியம் பண்றானுங்க. எவனோ ஒருத்தன் பொய் சொல்றான். நிஜமாவே நான் வேணாம்னு நினைச்ச அந்தத் துரோகி எவன்னு மட்டும் தெரிஞ்சா..."

எனக்கு அந்த நிமிஷமே கணக்குப் புரிந்துவிட்டது. ஒன்பது கல், எட்டு இங்கே, ஒன்று அங்கே. வாயை மூடிக்கொண்டிரு மாப்ள என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தாம்பா போட்டேன்" என்றான்.

வாத்து கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. "நீங்களா? விளையாடாதீங்கண்ணே."

"விளையாடல. தண்ணியில உனக்குக் காலு புடிச்சுக்குது. ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டாந்தடவை நீ செத்துட்டேன்னே நினைச்சேன். நாளைக்கு நான் பக்கத்துல இல்லாட்டி என்ன பண்ணுவ? சொல்லமாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்தேன், வாத்தியார்கிட்ட வாயைத் தொறக்கல. ஆனா கல்லைக் குடுத்து ஒரு கேள்வி கேட்டாரே, அதுக்கு எப்படி நான் பொய் சொல்றது?"

வாத்து எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. "எட்டுப் பேரும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பித்தான் போட்டோம். நீங்க ஒருத்தர்தான் என்னை ஒழிக்கணும்னு நினைச்சே போட்டிருக்கீங்க! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கீங்க! உங்க காலுல போய் விழுந்தேனே!" வாய்க்கு வந்தபடி பேசினான். நான் பாய்ந்தேன். நெட்டையன் குறுக்கே கையை நீட்டித் தடுத்தான். குடிக்காத டீயையும் பழப்பையையும் விட்டுவிட்டு, புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவன் படியிறங்கிப் போனான்.

"ஏன்டா சொன்ன? உன்னைக் கேட்டானா?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கேட்டான்லக்கா" என்றான்.

கதை அங்கே முடிந்திருந்தால் மறந்து தொலைக்கலாம். விடுப்பு முடிந்து அவன் எங்கே போக முடியும்? அதே கேட்டுக்குத்தான். உள்ளே வந்து சேர்ந்திருப்பது அதே எட்டுப் பேர். மாற்றல் கேட்டு மேலதிகாரி முன்னால் நின்றான். இங்கேயே நல்லாத்தானே வேலை செய்யற என்று திருப்பி அனுப்பினார்கள்.

போன வாரம் முகாமில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டில் நெட்டையன் நின்றான். "அடையாள அட்டை காட்டுங்க மாமா" என்றான். "உன் அக்காவைக் கட்டிக்கிட்டவன்டா, அது போதாதா?" என்றேன். வழக்கமாக இதற்குச் சிரிப்பான். அன்றைக்கு அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான்.

நான் பையைத் தூக்குவதற்குள் உள்ளேயிருந்து தார்ப்பாய் வண்டி வந்து நின்றது. பின்பக்கம் திறந்திருந்தது. அந்த எட்டுப் பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள், காலடியில் மடித்த ரப்பர் படகு. ஆறு என்று எனக்கே புரிந்தது. அவனுக்குப் புரியாமல் இருக்குமா? இவனைப் பார்த்ததும் "அண்ணே" என்று பல கைகள் நெற்றிக்குப் போயின. வாத்து மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெட்டையன் கம்பைத் தூக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் போய், வாத்துக்குப் பக்கத்தில் இருந்தவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "தண்ணியில இவன் பக்கத்துலயே இருப்பா. இடது கால்தான் முதல்ல புடிக்கும்."

"சரிண்ணே" என்றான் அவன். வாத்து கையை நீட்டித் தார்ப்பாயை இழுத்து, இவன் முகத்துக்கு நேரே படாரென்று மூடினான்.

நெட்டையன் வந்து கம்பைத் தூக்கினான். வண்டி போனது. இறக்கினான்.

மோட்டாரைச் சரிசெய்ய எனக்குச் சாயங்காலம் வரை பிடித்தது. வேலை முடிந்து வந்து பார்த்தால் அவன் முறை எப்போதோ முடிந்திருந்தது. அடுத்த ஆள் வந்து நிற்கிறான், இவன் மட்டும் போகாமல் கல்மேடையில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "வா மாப்ள, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். "இருங்க மாமா" என்றான்.

விளக்கேற்றும் நேரத்துக்கு வண்டி வந்தது. அடுத்த ஆளை விலக்கிவிட்டு இவனே போனான். தார்ப்பாயை விலக்கி, கை விளக்கை அடித்து, ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். நனைந்த தலைகள். வாத்து கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே இவனை முறைத்தான்.

கம்பைத் தூக்கிவிட்டுத் திரும்பி வந்தான்.

"எட்டு, மாமா" என்றான்.

ஒவ்வொரு தடவையும் இப்படித்தானாம். அவர்கள் போகும்போது எண்ணுகிறான், வரும்போது எண்ணுகிறான். இவனுக்கு இன்னும் பதினைந்து வருஷம் வேலை இருக்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.